வீட்டில் கட்டிய விமானத்தில் சீட்டைக் கழற்றி மாட்டும்போது எங்கெல்லாம் மாட்டிக்கொள்கிறோம்

அசெம்பிளி கையேட்டில் இந்த வேலைக்கு ஒரே வரிதான்: சீட்டுகளைப் பொருத்தவும். எதை முதலில் கழற்றுவது, எந்த ஸ்க்ரூ என்ன நீளம், பெல்ட் வாஷர் எந்தப் பக்கம் என்பதெல்லாம் வேறு வேறு வரைபடங்களில் சிதறிக் கிடக்கும். ஆண்டுப் பரிசோதனைக்காகச் சீட்டுகளை வெளியே எடுத்துத் திரும்ப மாட்டிய எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

இங்கே சொல்வது இருவர் அருகருகே உட்காரும் அலுமினிய கிட் விமானத்துக்கு. சீட் தளம் ஸ்க்ரூவில், முதுகுப் பலகை பியானோ ஹிஞ்சில் (நீளக் கம்பி கோத்த கீல்), ஆளுக்கொரு ஸ்டிக் (விமானத்தைத் திருப்பும் கைப்பிடி). குஷனும் முதுகுப் பலகையும் பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிடும். தொல்லையெல்லாம் தளத்தில். அதற்கு அடியில்தான் எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை), ஐலரான் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கைப் பலகை) இரண்டையும் அசைக்கும் புஷ்ராடு தண்டுகள் ஓடுகின்றன. சில கிட்களில் எரிபொருள் குழாயும் ஃபிளாப் மோட்டாரும்கூட அங்கேயே. பலரும் இதை உள்ளலங்கார வேலை என்று நினைத்து ஆரம்பிக்கிறார்கள். உண்மையில் இது கன்ட்ரோல் சிஸ்டத்தில் கை வைக்கிற வேலை, அந்த மரியாதையோடுதான் தொட வேண்டும்.

மாஸ்டர் ஸ்விட்ச் அணைத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கேனபி (காக்பிட்டை மூடும் கண்ணாடிக் கூரை) ஓரத்தைத் தடித்த துணியால் மூடுங்கள். சட்டைப் பையில் இருப்பதை எல்லாம் வெளியே வைத்துவிடுங்கள். அடுத்து ஸ்டிக். பிடியில் டிரிம், ரேடியோ பட்டன் இருந்தால் அதன் வயர் சீட் தளத்துக்குக் கீழே கனெக்டரில் முடியும். அந்த கனெக்டர் தளத்தில் உள்ள துளையை விடப் பெரிதாக இருந்தால் தளம் மேலே வராது. கட்டும்போதே துளைக்குள் நுழையும் அளவு கனெக்டரைப் போட்டுவிட்டால் பிற்பாடு வயரை வெட்டும் நிலை வராது. பயணி பக்க ஸ்டிக்கைக் கழற்றினால் அந்தக் குழாய் வாயை உடனே மூடிவையுங்கள், இல்லையென்றால் அடுத்து கை தவறும் ஸ்க்ரூ நேராக அதற்குள்தான் போகும்.

இப்போது ஸ்க்ரூ. ஒரு பக்கத் தளத்துக்கே இருபது முப்பது இருக்கும், பெரும்பாலும் 8-32 அளவு, அடியில் நட்பிளேட் (தகட்டோடு ரிவெட் அடித்துப் பிடித்த நட்). எல்லாம் ஒரே நீளம் என்று மட்டும் நம்பாதீர்கள். இரண்டு தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று வரும் இடத்தில் நீள ஸ்க்ரூ, ஒற்றைத் தகட்டில் குட்டை ஸ்க்ரூ. இடம் மாறி நீள ஸ்க்ரூ தவறான துளையில் இறங்கினால், அதன் நுனி அடியில் போகும் வயரையோ குழாயையோ உரசும். உடனே தெரியாது, அதிர்வில் மெல்ல மெல்ல அறுத்துக்கொண்டே இருக்கும். தளத்தின் வடிவத்தை ஓர் அட்டையில் வரைந்து, துளைகளைக் குத்தி, கழற்றக் கழற்ற ஸ்க்ரூவை அந்தந்த இடத்திலேயே செருகிவிட வேண்டும். அட்டையில் ஒரு துளை காலியாக இருந்தால் ஒரு ஸ்க்ரூ விமானத்துக்குள் இருக்கிறது என்று அர்த்தம். அது கிடைக்காமல் தளத்தை மூடக் கூடாது. காந்தத்தை நம்பவும் முடியாது: சாதாரண இரும்பு ஸ்க்ரூவை எடுக்கும், துருப்பிடிக்காத எஃகையும் அலுமினிய ரிவெட்டையும் எடுக்காது. டார்ச், கண்ணாடி, வாக்குவம், வளையும் கம்பிக் கேமரா இருந்தால் இன்னும் நல்லது.

தலை தேய்ந்த ஸ்க்ரூ ஒன்றாவது நிச்சயம் இருக்கும். பிலிப்ஸ் 2-ஆம் எண் பிட், புதியது, கையால் திருப்பும் டிரைவரில். தேய்ந்த பிட்டை வைத்துப் பேட்டரி டிரில்லில் சுற்றினால் முதல் அரை நொடியிலேயே தலை போய்விடும். பிட் நுனியில் துளி வால்வ் கிரைண்டிங் பேஸ்ட் தடவி, உடல் எடையை மேலே சாய்த்து மெதுவாகத் திருப்பினால் பாதிக்கு மேல் வந்துவிடும். வராததற்குத் தலையை மட்டும் துளையிட்டு எடுக்க வேண்டியதுதான். ஸ்க்ரூ உடலின் விட்டம் 0.164 அங்குலம்; 5/32 அங்குல டிரில் போதும். தலை கழன்றதும் தளத்தைத் தூக்கிவிட்டு, நிற்கும் தண்டை லாக்கிங் பிளையரில் பிடித்துத் திருப்பலாம். தூள் விழும்போதே வாக்குவம் குழாயைப் பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் தேவை. இதைவிட மோசமானது, ஸ்க்ரூவோடு சேர்ந்து நட்பிளேட்டும் சுற்றுவது. அதைப் பிடித்திருக்கும் இரண்டு சின்ன ரிவெட்டுகள் அறுந்துபோயிருக்கும், அடியில் கை போகாது. அங்கேயும் டிரில்தான், பிறகு புது நட்பிளேட். மாட்டும்போது முதலில் எல்லா ஸ்க்ரூவையும் இரண்டு மூன்று சுற்று விரலால் இறக்கிவிட்டு, அதற்குப் பிறகே இறுக்குங்கள். ஒரு மூலையை இறுக்கிவிட்டு எதிர் மூலைக்குப் போனால் துளைகள் நேராக வராது, ஸ்க்ரூ சாய்வாக ஏறி நட்பிளேட் திரெட்டைத் தின்றுவிடும்.

இந்த முறை வேலையை நிறுத்தியது பெல்ட் போல்ட். மடிப் பெல்ட் நுனியில் உள்ள எஃகுத் தகடு போல்ட்டைச் சுற்றித் திரும்ப வேண்டும். அப்போதுதான் ஆள் முன்னே பின்னே உட்கார்ந்தாலும் இழுப்பு நேர்க்கோட்டில் இருக்கும். இறுகிப்போய்த் திரும்பாமல் நின்றால் தகடு பக்கவாட்டில் வளைந்து வளைந்து விரிசல் விடும். புஷ் (போல்ட்டைச் சுற்றிய உலோகக் குழல்) இருக்கும் வடிவமைப்பில் போல்ட்டின் இறுக்கம் புஷ்ஷோடு நின்றுவிடும், தகடு தாராளமாகத் திரும்பும். புஷ் இல்லாத இடத்தில் கேசில் நட்டும் (தலையில் வெட்டுகள் உள்ள நட்) அதைக் கழலாமல் பூட்டப் போல்ட் துளையில் செருகும் காட்டர் பின்னும்தான். சுழலும் இணைப்பில் நைலான் நட் மாதிரி தானே இறுகும் நட் போடக் கூடாது என்பது விமான வேலையில் பழைய விதி. பழைய போல்ட்டில் தேய்மானக் கோடு தெரிந்ததால் புதிது ஆர்டர் போட்டிருந்தது. பில்லில் ஏஎன்4-10 (விமான போல்ட்டின் குறியீடு) என்று சரியாகவே இருந்தது. பைக்குள் இருந்ததோ ஏஎன்4-10ஏ. கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 'ஏ'வுக்குப் பொருள், தண்டில் காட்டர் பின் துளை கிடையாது என்பது. நீளம் அதே, தலையில் உள்ள குறுக்குக் கோட்டு அடையாளமும் அதே, விரலில் உருட்டிப் பார்க்கும்வரை வித்தியாசம் தெரியாது. கடைக்காரரைக் கேட்டால் "இரண்டும் ஒண்ணுதான் சார், நைலான் நட் போட்டுக்குங்க" என்கிறார். ஒண்ணு இல்லை. சரியான போல்ட் வந்து சேரும்வரை காக்பிட் திறந்த வயிற்றோடு கிடந்தது. பெல்ட் போல்ட், காட்டர் பின், வாஷர் எல்லாவற்றையும் கையில் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகுதான் முதல் ஸ்க்ரூவைத் தொட வேண்டும்.

டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) அளவு: உலர்ந்த திரெட்டில், இழுவிசை நட்டுக்கு, 3/16 அங்குல போல்ட் என்றால் 20–25 அங்குல-பவுண்டு, 1/4 அங்குலம் என்றால் 50–70. நைலான் வளைய நட்டாக இருந்தால் அது போல்ட்டில் இறங்கும்போதே காட்டும் இழுவையை அளந்து அதையும் மேலே கூட்ட வேண்டும். விரலால் கடைசிவரை இறங்கிவிடுகிற நைலான் நட்டைக் குப்பையில் போடுங்கள். புஷ் இல்லாமல் சுழலும் இணைப்பில் இந்தக் கணக்கே செல்லாது. தகடு தளர்வாகத் திரும்பும் அளவுக்கு மட்டும் இறுக்கி, நட்டின் வெட்டு போல்ட் துளைக்கு நேராக வந்ததும் புதுக் காட்டர் பின். பழைய காட்டர் பின்னை நிமிர்த்திப் போடுவது பற்றிப் பேசவே வேண்டாம்.

முதுகுப் பலகையின் ஹிஞ்ச் கம்பி தனிக் கதை. தரையில் முன்பின்னாக இரண்டு மூன்று ஹிஞ்ச் வரிசைகள் இருக்கும், கால் நீளத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். கம்பி போகமாட்டேன் என்றால் தட்டாதீர்கள். வளைந்தால் அப்புறம் வெளியேயும் வராது. நுனியைத் துப்பாக்கிக் குண்டு மாதிரி கூராக்கி, மெழுகு தடவி, டிரில்லில் பிடித்து மெதுவாகச் சுழற்றிக்கொண்டே தள்ளினால் போய்விடும். எண்ணெய் வேண்டாம், குஷன் துணியில் ஏறும். முக்கியமானது, கம்பி எல்லாக் கண்ணிகளிலும் நுழைந்திருக்கிறதா என்பது. முதல் நான்கில் புகுந்து, ஐந்தாவதைத் தாண்டிப் பக்கத்தில் வழுக்கிப் போயிருந்தாலும் பலகை உறுதியாக நிற்பதுபோலத்தான் தெரியும். கண்ணாடி வைத்துப் பாருங்கள். கம்பியின் வளைந்த முனையைக் கிளிப்பிலோ சேஃப்டி வயரிலோ கட்டாமல் விட்டால் அதிர்வில் நகர்ந்து வெளியே வந்துவிடும்.

தண்டவாளத்தில் நகரும் சீட் உள்ள கிட்டில் வேலை சுலபம்: முனைத் தடுப்பைக் கழற்றினால் சீட் உருவிக்கொண்டு வரும். திரும்ப மாட்டும்போது அதே தடுப்பைத்தான் மறந்துவிடுவார்கள். சீட் பின்னால் வழுக்கினால் விமானி அனிச்சையாகக் கன்ட்ரோலைப் பிடித்து இழுப்பார், அதுவும் மேலெழும் நேரத்தில். செஸ்னா விமானங்களில் சீட் தண்டவாளத்தையும் பூட்டு ஊசியையும் பரிசோதிக்க அமெரிக்க விமானத் துறை 1987-இல் கட்டாய உத்தரவு போட்டது இந்தப் பயத்தில்தான். ஊசி துளைக்குள் முழுதாக இறங்கியதா என்று கண்ணால் பார்த்துவிட்டு, உட்கார்ந்து காலால் உதைத்தும் பாருங்கள்.

புதுக் குஷன் தைக்கக் கொடுத்திருந்தால் மாட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம் நில்லுங்கள். தைப்பவர்களுக்குத் தொடைக்கு மெத்தென்று இருக்க வேண்டும் என்பதுதான் கவலை, முன் ஓரத்தில் தாராளமாக ஃபோம் வைத்துவிடுவார்கள். எங்களுக்கு வந்ததும் அப்படித்தான், கொடுத்த அளவுப் படத்தைத் திறந்தே பார்க்கவில்லை போலிருக்கிறது. ஸ்டிக்கை முழுக்கப் பின்னால் இழுத்தால் எலிவேட்டர் அதன் உலோகத் தடுப்பில் போய் நிற்க வேண்டும். குஷன் இடையில் வந்தால், ஃபோம் அமுங்கிக் கொடுப்பதால், கடைசியில் கொஞ்சம் கனமாக இருப்பதுபோல் மட்டும் தோன்றும். தடுப்பைத் தொடவே இல்லை என்பது உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. இறங்கும்போது மூக்கைத் தூக்க வேண்டிய அந்தக் கடைசித் துண்டு கிடைக்காது. ஆகவே இரண்டு சீட்டிலும் ஆள் உட்கார்ந்து, பெல்ட்டை இறுக்கி, ஸ்டிக்கை முழுப் பின்னால், பின்-இடது மூலை, பின்-வலது மூலை என்று கொண்டுபோக, வெளியே ஒருவர் நின்று எலிவேட்டரும் ஐலரானும் தடுப்பைத் தொடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். எங்கள் குஷனின் நடு ஓரத்தில் அரைவட்டமாக வெட்டித் திரும்பத் தைத்த பிறகுதான் எலிவேட்டர் தடுப்பில் டக்கென்று போய் உட்கார்ந்தது.

குஷன் 25 மில்லிமீட்டர் உயர்ந்தால் தலையும் கேனபிக்கு அவ்வளவு கிட்டே போகும். தோள் பெல்ட்டின் கோணமும் மாறும். பெல்ட் தோளிலிருந்து பின்னால் போகும்போது கிடைமட்டத்துக்கு மேலே 30 டிகிரி வரை இருக்கலாம், கீழே 5 டிகிரிக்கு மேல் இறங்கக் கூடாது. இறங்கினால் மோதலில் பெல்ட் முதுகெலும்பைக் கீழ்நோக்கி அழுத்தும். மெமரி ஃபோம் குளிரில் பலகைபோல் இறுகிவிடும், உயரத்தை அளப்பதென்றால் அது இளகிய பிறகு அளந்துகொள்ளுங்கள்.

குஷன், பெல்ட் எது மாறினாலும் பழையதையும் புதியதையும் எடை போட்டு, வித்தியாசத்தை, எடைக் கணக்கின் தொடக்கப் புள்ளியிலிருந்து சீட் இருக்கும் தூரத்தால் பெருக்கி, வெற்று எடைக் கணக்கைத் திருத்தி எழுதுங்கள். பயணி சீட்டைக் கழற்றிவிட்டுப் பறப்பதானால் அதற்குத் தனித்தாள் வேண்டும். சீட் இருந்தும் ஆள் இல்லாமல் பறந்தால், அந்தப் பக்கப் பெல்ட்டைப் பூட்டி இறுக்கி வையுங்கள். தொங்கும் பக்கிள் பயணி ஸ்டிக்குக்கும் தளத்துக்கும் நடுவில் கச்சிதமாகப் போய் மாட்டிக்கொள்ளும்.