கே53 பைக் தேர்வு: சாவியைத் திருப்பும் முன் கை தொட வேண்டியவை

தென்னாப்பிரிக்காவில் டிரைவிங் லைசென்ஸுக்கான கே53 பைக் தேர்வில், ஓட்டுமுன் வண்டியைச் சுற்றிப் பார்க்கும் கட்டம்தான் மிக எளிது என்று நினைத்து, பலர் அதைக் கடைசி இரவில் மனப்பாடம் செய்கிறார்கள். "முன் டயர் சரி, பிரேக் சரி, லைட் சரி" என்று வாய்ப்பாடு ஒப்பிப்பது போல ஒப்பித்துக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுகிறார்கள். கை எதையும் தொட்டிருக்காது. பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும். ஒவ்வொரு பாகத்தையும் சரி என்று சொல்வதற்கு முன், அது கெட்டுப்போனால் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்தவருக்கு மனப்பாடமே வேண்டாம், வரிசை தானாக வரும்.

லைசென்ஸ் விவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 125 சிசி வரை ஏ1, அதற்கு மேல் ஏ. ஏ1-க்கு 16 வயது, ஏ-க்கு 18. லேர்னர்ஸ் (பழகுநர் லைசென்ஸ்) 24 மாதம் செல்லும். லேர்னர்ஸ் எழுத்துத் தேர்விலேயே கண்ட்ரோல்கள் பற்றி 8 கேள்விகள் வரும், 6 சரியாக வேண்டும். படத்தில் எண் போட்ட லீவரும் பெடலும் எது எது என்று கேட்பார்கள். வண்டிமேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு வலது கை ஆக்சிலேட்டர், முன் பிரேக். இடது கை கிளட்ச். வலது கால் பின் பிரேக். இடது கால் கியர் என்று தொட்டுப் பழகியவருக்கு அந்தக் கேள்விகளுக்குப் புத்தகம் தேவைப்படாது.

யார்டுக்கு, அதாவது தேர்வு நடக்கும் திடலுக்கு, வண்டியை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். இரவல் வண்டியென்றால் குறைந்தது ஒரு வாரம் முன்னாலேயே வாங்கி ஓட்டிப் பழகுங்கள். வண்டியின் லைசென்ஸ் டிஸ்க் (வண்டியில் வைக்கும் உரிமச் சீட்டு) காலாவதியாகாமல் இருக்க வேண்டும், பின்னால் நம்பர் பிளேட் ஆடாமல் நிற்க வேண்டும். தேர்வின் நடுவில் வண்டி பழுதாகி நின்றால் தேர்வும் அங்கேயே நின்றுவிடும், அது உங்கள் ஓட்டத்தின் குற்றமில்லை என்றாலும். லேர்னர்ஸ் வைத்திருப்பவர் பின்னால் ஆள் ஏற்றக் கூடாது என்பதையும் மறக்க வேண்டாம். தம்பியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு யார்டு வாசலுக்கு வந்து இறங்காதீர்கள்.

வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. காற்று, செயின், எஞ்சின் ஆயில் மூன்றும் முந்தின நாள் மாலை வேலை. தேர்வு நாள் காலையில் உறுதி செய்வது மட்டும்தான்.

டயரில் ஆரம்பிப்போம். காற்றழுத்தம் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்திலிருந்து பைன்டவுன் வரை ஓட்டிப் போய்ப் பார்த்தால் டயர் சூடேறி அளவு கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் காலை குறைவாக இருக்கும். வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் பெட்ரோல் கராஜில் முந்தின நாளே, டயர் குளிர்ந்திருக்கும்போது பிடியுங்கள். பல 125 வண்டிகளுக்கு, ஒருவர் மட்டும் ஓட்டும்போது, முன்னால் 1.75 பார், பின்னால் 2 பார் அளவில் இருக்கும். பெரிய வண்டிகளில் 2.5, 2.9 பார் சாதாரணம். உங்கள் வண்டிக்கான எண் செயின் கார்டிலோ, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மிலோ ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். கராஜ் மீட்டர் கிலோபாஸ்கலில் காட்டினால் 100 கிலோபாஸ்கல் 1 பார். காற்று குறைந்த முன் டயரோடு மெதுவாகத் திரும்பினால் ஹேண்டில்பார் கனத்து உள்ளே இழுக்கும். யார்டில் கோட்டைத் தாண்டிப் போகிறவர்களில் சிலருக்குக் காரணம் பயமில்லை, இதுதான்.

காடிகளின் ஆழம் சட்டப்படி டயரின் முழு அகலத்திலும் முழுச் சுற்றிலும் குறைந்தது 1 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். காடிக்குள் சின்ன மேடுகள் இருக்கும், அவைதான் தேய்மானக் குறி. ரப்பர் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது. நடுவில் மட்டும் பார்க்காமல் வண்டியை உருட்டி முழுச் சுற்றையும் பாருங்கள். கண்ணாடித் துண்டு, ஆணி, பக்கச் சுவரில் வெடிப்பு, வால்வின் அடியில் கீறல் எல்லாம் உருட்டினால்தான் தெரியும். ஆரக்கம்பி வீலானால் ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் லேசாகத் தட்டுங்கள். இறுக்கமான கம்பி கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மொத்தென்று கேட்கும்.

இங்கே நம் வீடுகளுக்கென்றே ஒரு எச்சரிக்கை. புது வண்டிக்கோ தேர்வுக்குப் போகும் வண்டிக்கோ பொட்டு வைத்து, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது நம் வழக்கம். தாராளமாகச் செய்யுங்கள். அதன்பின் டயரில் ஒட்டிய பழச் சதையையும் சாற்றையும் ஈரத்துணியால் துடைத்து உலரவிடுங்கள், ஹெட்லைட் கண்ணாடியிலுள்ள குங்குமத்தையும் துடையுங்கள், ஹேண்டில்பாரில் போட்ட மாலையைக் கழற்றிவிட்டுப் புறப்படுங்கள். ஹேண்டிலை முழுக்கத் திருப்பும்போது மாலைக் கயிறு ஆக்சிலேட்டர் கேபிளிலோ பிரேக் லீவரிலோ சிக்கும். வண்டி பளபளக்க வேண்டுமென்று டயருக்குப் பாலிஷ் அடிப்பது மட்டும் ஒருபோதும் வேண்டாம். அந்தச் சிலிக்கான் எண்ணெய் தரையைத் தொடும் ரப்பரில் பட்டால் முதல் வளைவிலேயே வண்டி வழுக்கும். தேர்வுக்கு முந்தின நாள் புது டயர் மாட்டுவதும் அதே காரணத்தால் தவறு. புது ரப்பரின் மேல்பூச்சு தேய்ந்து பிடிப்பு வர நூறு கிலோமீட்டருக்கு மேல் நிதானமாக ஓட்ட வேண்டும்.

முன்பக்கத்தில் அடுத்தது பிரேக். டிஸ்க் பிரேக்கானால் ஹேண்டில்பாரிலுள்ள டப்பியில் சின்ன ஜன்னல் இருக்கும். ஹேண்டிலை நேராக வைத்து ஆயில் மட்டத்தைப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்கு வந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டுச் சரியாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. பிரேக் ஆயில் தானாகக் குறைவதில்லை. பேட் தேய்ந்திருக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது. முதலில் பேடைப் பாருங்கள், அதிலுள்ள கோடு மறைந்திருந்தால் மாற்ற வேண்டிய நேரம். பிறகு லீவரை அழுத்துங்கள். கெட்டியாக ஓரிடத்தில் நிற்க வேண்டும். ஸ்பாஞ்ச் போல அமுங்கிக்கொண்டே போனால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. அவசர நிறுத்தத்தில் வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. அமுங்கும் லீவரோடு அந்தப் பயிற்சிக்குப் போகாதீர்கள். டிரம் பிரேக் உள்ள சின்ன வண்டிகளில் லீவர் நுனியில் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை தளர்வு இருக்கும். அதைவிட அதிகமானால் கேபிள் நட்டைத் திருகிச் சரிசெய்யலாம், சரிசெய்தபின் சக்கரத்தைச் சுற்றிப் பிரேக் உரசவில்லையா என்று பார்க்க வேண்டும்.

முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தால் சீல் போயிருக்கிறது. அந்த எண்ணெய் வழிந்து டிஸ்க்கில் இறங்கினால் பிரேக் பிடிக்காது. டர்பன் கடற்கரை ஓரம் வண்டி நிறுத்துகிறவர்கள் உப்புக் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஃபோர்க்கில் துருப்புள்ளி விழுந்து அதுவே சீலைக் கிழிக்கும், ஸ்விட்சுக்குள் பச்சை படிந்து இண்டிகேட்டர் சில நேரம் எரியும், சில நேரம் எரியாது. வாரத்துக்கொருமுறை நல்ல தண்ணீரில் கழுவித் துடைப்பதே போதும்.

விளக்குகளுக்கு வருவோம். இந்நாட்டில் பைக்கின் ஹெட்லைட் பகலிலும் எரிந்துகொண்டிருக்க வேண்டும், ஆகவே லோ பீம் போனாலே வண்டி ரோட்டுக்கு லாயக்கில்லை. நான்கு இண்டிகேட்டரையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று மட்டும் படபடவென்று வேகமாக மின்னினால் அதே பக்கத்து இன்னொரு பல்பு போயிருக்கும். அதிகம் தவறவிடப்படுவது பிரேக் லைட். அதற்கு இரண்டு ஸ்விட்சுகள், ஒன்று முன் லீவரில், ஒன்று பின் பெடலில். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பார்த்துவிட்டு எரிகிறது என்பார்கள். ஒன்று செத்திருந்தாலும் அப்படிப் பார்த்தால் எரியத்தான் செய்யும். முதலில் லீவர் மட்டும், விட்டுவிட்டு பெடல் மட்டும். பின்னால் போய்ப் பார்க்க ஆளில்லையென்றால் பின் விளக்கின் முன் உள்ளங்கையை வைத்துச் சிவப்பு வெளிச்சம் கூடுகிறதா என்று பார்க்கலாம்.

செயினுக்கு நேரம் கொடுங்கள். எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் (பல்சக்கரங்களுக்கும்) நடுவில் கீழ்ச் செயினை விரலால் மேலும் கீழும் அசையுங்கள். சின்ன வண்டிகளில் அசைவு 20 முதல் 30 மில்லிமீட்டர், பெரியவற்றில் 30 முதல் 40 வரை இருப்பது வழக்கம், சரியான எண் ஸ்டிக்கரில் இருக்கும். ஒரே இடத்தில் பார்த்து முடிக்காமல் சக்கரத்தைக் கால் சுற்றுக் கால் சுற்றாக உருட்டி நான்கு இடத்தில் பாருங்கள். ஓரிடத்தில் தொங்கி இன்னோரிடத்தில் விறைத்தால் செயின் சமமில்லாமல் தேய்ந்திருக்கிறது, எவ்வளவு இறுக்கினாலும் சரியாகாது. தொங்கும் செயினோடு மெதுவாக ஓட்டினால் ஆக்சிலேட்டரை விட்டுப் பிடிக்கும்போதெல்லாம் வண்டி வெட்டி வெட்டி இழுக்கும், மெதுவாக ஓட்டும் பயிற்சியில் அது உங்களைக் காலூன்ற வைக்கும். அளவுக்கு மீறி இறுக்கினால் கியர்பாக்ஸ் பேரிங் பாழாகும். இறுக்கியபின் இரண்டு பக்கத்துக் கோடுகளும் ஒரே எண்ணில் நிற்கின்றனவா, ஆக்சில் நட்டு முறுக்கப்பட்டதா என்று மறுபடி பாருங்கள். ஆயில் போடுவதை முந்தின மாலையே முடித்தால் அது ஊறிவிடும். காலையில் போட்டுவிட்டு ஓட்டினால் பின் டயரில் தெறிக்கும். எஞ்சின் ஓடும்போது செயினைத் துணியால் துடைக்கவே கூடாது. துணியோடு விரலும் ஸ்ப்ராக்கெட்டுக்குள் போய்விடும்.

எஞ்சின் ஆயிலைச் சமதரையில் வண்டியை நிமிர்த்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருக்கும்போது பார்த்தால் அளவு பொய் சொல்லும். சில நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்துப் பாருங்கள். டிப்ஸ்டிக் உள்ள பல ஹோண்டா வண்டிகளில் அதைத் திருகாமல் சும்மா செருகி எடுத்துத்தான் அளக்க வேண்டும், திருகினால் மட்டம் கூடுதலாகக் காட்டும். ஊற்றுவதானால் டப்பாவில் ஜாசோ எம்ஏ (பைக் கிளட்சுக்கு ஏற்ற ஆயில் என்ற குறி) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கக் கூடும்.

கண்ணாடி, சீட், ஃபுட்ரெஸ்ட் எல்லாம் ஒரு பார்வையில் முடியும். ஹெல்மெட்டைச் சரிபார்த்து, தாடைக்குக் கீழ் பட்டையை மாட்டிய பிறகே வண்டியில் ஏறுங்கள். பட்டை தொங்கும் ஹெல்மெட் சட்டத்தின் கண்ணில் ஹெல்மெட்டே இல்லை.

ஏறுவது இடப்பக்கமிருந்து. ஏறுமுன் பின்னால் திரும்பிப் பாருங்கள், முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள், இல்லாவிட்டால் சரிவில் வண்டி உருளும். உட்கார்ந்ததும் ஹேண்டிலை இரண்டு கடைசிக்கும் திருப்புங்கள். தடையின்றிப் போக வேண்டும். ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கி விட்டால் தானாகப் பட்டென்று மூட வேண்டும். எஞ்சின் ஓடும்போதும் நியூட்ரலில் ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள். திருப்பும்போது சத்தம் ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது. முழுத் திருப்பத்தில் வண்டி தானாக வேகமெடுக்கும், யார்டில் கீழே விழ வைப்பதில் இது பொல்லாதது. கிளட்ச் லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும். தளர்வே இல்லையென்றால் கிளட்ச் வழுக்கும், அதிகமானால் முழுக்கப் பிரியாது, முதல் கியர் போட்டதும் வண்டி தவ்வும்.

இனி ஸ்டார்ட். பெட்ரோல் குழாய் உள்ள வண்டியில் அது ஆனில் இருக்கட்டும், ரிசர்வில் அல்ல. ரிசர்விலேயே விட்டுவிட்டால் பெட்ரோல் தீரும்போது முன்னெச்சரிக்கையே இருக்காது. சாவியைத் திருப்பி நியூட்ரலின் பச்சை விளக்கைப் பாருங்கள். விளக்கை மட்டும் நம்பாமல் கிளட்சைப் பிடிக்காமல் வண்டியை முன்னும் பின்னும் ஒரு சாண் உருட்டிப் பாருங்கள். வலது கையிலுள்ள கில் ஸ்விட்ச் (எஞ்சினை அணைக்கும் ஸ்விட்ச்) ஓடும் நிலையில் இருக்கிறதா? பதற்றத்தில் எத்தனையோ பேர் ஸ்டார்ட்டரை அழுத்தி அழுத்திப் பேட்டரியைக் கரைப்பது கில் ஸ்விட்ச் மூடியிருப்பதால்தான். குளிர் எஞ்சினானால் சோக், சூடானதும் அதை உள்ளே தள்ள வேண்டும். கிளட்சைப் பிடித்து ஸ்டார்ட்.

எஞ்சின் ஓடுகிறது, முதல் கியர் போட்டதும் அணைந்துவிடுகிறது என்றால் சைடு ஸ்டாண்ட் இறங்கியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். புது வண்டிகளில் ஸ்டாண்ட் ஸ்விட்ச் எஞ்சினை அணைத்துக் காப்பாற்றும். பழைய 125 வண்டிகள் பலவற்றில் அந்த ஸ்விட்ச் கிடையாது. இறங்கிய ஸ்டாண்டோடு புறப்பட்டு முதல் இடது திருப்பத்தில் சாய்த்தால் ஸ்டாண்ட் தரையில் குத்தி வண்டியைத் தூக்கிவிடும். ஆகவே இடது குதிகாலால் ஸ்டாண்டை ஒருமுறை பின்னால் தட்டிவிட்டுக் கியர் போடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

புறப்படுமுன் இரண்டு கண்ணாடி, வலது தோளுக்கு மேல் தலையைத் திருப்பி ஒரு பார்வை, இண்டிகேட்டர், மறுபடி தோளுக்கு மேல். கண்ணை மட்டும் ஓட்டாமல் தலையே திரும்ப வேண்டும், ஹெல்மெட் திரும்புவதைப் பார்த்துத்தான் மார்க் போடுவார்கள். திரும்பி முடித்ததும் இண்டிகேட்டரைக் கைவிரலால் அணைக்க வேண்டும், காரைப் போல அது தானாக நிற்காது. உருண்ட முதல் சில மீட்டரில் முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் தனித்தனியே லேசாக ஒருமுறை பிடித்துப் பாருங்கள். இரவில் மழை பெய்திருந்தால் ஈர டிஸ்க் முதல் பிடிப்பில் சற்றுத் தாமதமாகத்தான் பிடிக்கும். அதை அவசர நிறுத்தக் கோட்டுக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே உலர்த்திவிடலாம்.