கடாமெஸ்: முடிச்சுப் போட்டு எண்ணிய தண்ணீர்

லிபியா, துனிசியா, அல்ஜீரியா மூன்றின் எல்லைகளும் கூடும் முனைக்குப் பக்கத்தில் இருக்கிறது லிபியாவின் பாலைவன ஊரான கடாமெஸ். ஆண்டு மழை 5 சென்டிமீட்டர்கூட இராது. அப்படிப்பட்ட இடத்தில் ஊர் உண்டானதற்கு ஒரே காரணம் அய்ன் அல்-ஃபராஸ் என்ற ஊற்று. பெட்டைக்குதிரை ஒன்று காலால் உதைத்த இடத்தில் நீர் பீறிட்டது என்பது ஊர்க்கதை.

சகாராவைக் கடக்கும் ஒட்டக வணிகர்கள் இங்கே தண்ணீர் எடுத்தாக வேண்டியிருந்தது. அதனால்தான் படைகளும் தேடி வந்தன. ரோமானியர் இதை சிடாமுஸ் என்றார்கள். தளபதி லூசியஸ் கொர்னேலியஸ் பால்பஸ் இதையும், சகாராவில் வாழ்ந்த கரமந்தர் என்ற மக்களின் நாட்டையும் வென்று, கி.மு. 19-இல் ரோமில் வெற்றி ஊர்வலம் போனார். 7-ஆம் நூற்றாண்டில் உக்பா இப்னு நாஃபியின் அரபுப் படை வந்தது.

ஆனால் ஊரை ஊராக வைத்திருந்தது, தண்ணீரைப் பங்கிட்ட முறை. அதற்கு உதவியது, நேரம் அளக்கும் நம் நாழிகை வட்டிலுக்கு உறவான ஒரு கருவி: அடியில் துளையிட்ட பாத்திரம், பெயர் காதூஸ். நிரப்பித் தொங்கவிட்டால் ஏறக்குறைய 3 நிமிடத்தில் வடியும். வடிந்ததும் காவலர் ஓர் ஓலைக்கீற்றில் முடிச்சுப் போட்டு, மறுபடி நிரப்புவார். ஒரு மணிக்குச் சுமார் 20 முடிச்சு. ஒரு தோட்டத்தின் பங்கு இத்தனை முடிச்சு என்று கணக்கு. அது முடிந்ததும் மடை அடுத்தவருக்குத் திரும்பும். இரவிலும் எண்ணிக்கை நின்றதில்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. நீர்மட்டம் இறங்க இறங்க ஒழுகும் வேகமும் குறையும். ஆகவே 'அரைப் பாத்திரம்' என்பது அரை நேரம் ஆகாது; முழுதாக வடிந்ததை மட்டுமே அளவாகக் கொள்ளலாம். துளையில் உப்போ தூசியோ படிந்தால் வடிய நேரம் கூடும், அந்த முறைக்காரருக்குக் கூடுதல் நீர் போய்விடும்.

மண்கல் வீடுகள் ஒன்றையொன்று தாங்கி, சந்துகளுக்கு மேலும் கூரையாக நீள்கின்றன. கீழே நிழற்பாதை ஆண்களுக்கு என்று இருந்தது. மொட்டைமாடிகள் வழியே பெண்கள் வீடு விட்டு வீடு போனார்கள். 1980-களில் மக்கள் புதுக் குடியிருப்புக்கு மாறத் தொடங்கினார்கள். 1986-இல் பழைய நகரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

ஆளில்லாத வீட்டில் முதலில் கெடுவது மாடியின் சுண்ணாம்புப் பூச்சு. விரிசலில் இறங்கும் ஒரே மழை மண்சுவரைக் கரைக்கும், பேரீச்ச உத்தரம் இற்றுப்போகும், பக்கத்து வீட்டின் தாங்கலும் போகும். அதனால் பழுதுபார்ப்பை எப்போதும் மாடியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.