மாடு நல்லா இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டிய கணக்கு

"மாடு நேத்துலேர்ந்து தீனி எடுக்கலைங்க." டாக்டருக்குப் போன் போடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இதை மட்டும்தான் சொல்கிறார்கள். காய்ச்சல் எவ்வளவு, அசை போடுகிறதா, சாணி போட்டதா, காது சில்லென்று இருக்கிறதா என்று அவர் திருப்பிக் கேட்டால் பதில் இருக்காது. காட்பாடி பக்கம் ஒரு கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன், இந்தப் பேச்சை தினமும் கேட்கிறேன். வைத்தியம் டாக்டர் வேலை, சரி, ஆனால் ராத்திரி முழுக்க மாட்டுப் பக்கத்தில் இருக்கப்போவது நீங்கள்தான். அதனால் மாடு நல்லா இருக்கும்போதே அதன் சூடு, மூச்சு, நாடி மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள் என்று பார்க்கிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

மெடிக்கலில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும், மாட்டுக்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நுனியில் கொஞ்சம் எண்ணெய் தடவி, மாட்டுக்கு நேர் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று, ஆசனவாயில் விட்டு உள்சுவரோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். சாணிக்குள் குத்தி நின்றால் தப்பான சூடுதான் காட்டும். பசுவுக்கு 101.5 டிகிரி ஃபாரன்ஹீட் சுமாராக இருக்கும், ஆடு அதைவிட ஒரு டிகிரி கூட, நாய்க்கு 100.5-லிருந்து 102.5 வரை.

ஆனால் நம் வேலூர் வெயிலில் எந்த நேரத்தில் பார்த்தீர்கள் என்பதும் முக்கியம். கத்திரியில் வெளியே 40 டிகிரி செல்சியஸ் தாண்டும்போது, தகரக் கொட்டாயில் கட்டிய எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் என்ற சீமை மாட்டினம்) கலப்பின மாடு மத்தியானம் 103 காட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது வெயில் தாக்கமாக இருக்கலாம், முதலில் நிழலுக்கு மாற்றி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் காற்றோட்டம் கொடுக்க வேண்டும். அதே 103 விடியற்காலை 5 மணிக்கு இருந்தால் நான் காய்ச்சல் என்றுதான் எடுத்துக்கொள்வேன். ஒரு தடவை பார்த்த எண்ணை நம்பாதீர்கள், காலையும் மாலையும் பார்த்து ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொன்னால்தான் டாக்டருக்கு உதவும்.

மூச்சை மாடு படுத்து அமைதியாக இருக்கும்போது விலா ஏறி இறங்குவதை வைத்து எண்ணுங்கள். நாடிக்கு வாலின் அடிப்பக்கம் நடுவில் விரலை வைத்தால் துடிப்பு தெரியும், நிமிஷத்துக்கு 60-லிருந்து 80. அப்புறம் இடது பக்கம், கடைசி விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் கை முஷ்டியை அழுத்தி வைத்துக்கொண்டு நில்லுங்கள், 2 நிமிஷத்தில் இரண்டு மூன்று தடவை வயிறு கையைத் தள்ள வேண்டும். தள்ளவே இல்லையா, இல்லை அந்த இடம் மேடேறி தட்டினால் தம்பட்டம் மாதிரி சத்தம் வருகிறதா, உடனே போன் எடுங்கள். உப்புசம் காத்திருக்காது. ஆட்டுக்குக் கீழ் இமையை இறக்கிப் பாருங்கள், உள்ளே வெளுத்திருந்தால் குடற்புழு ரத்தத்தைக் குடிக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

எனக்கு ரொம்ப வயிறு எரிவது கன்று போட்ட இரண்டு மூன்று நாளில் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிடும் கறவை மாட்டைப் பற்றித்தான். சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், ரத்தத்தில் சட்டென்று இறங்கிவிடுகிறது, காது சில்லிடுகிறது, கழுத்தை விலாப் பக்கம் மடித்துக்கொள்கிறது, உடம்பு சூடு வழக்கத்தைவிடக் குறைந்தே இருக்கும். உடனே நாலு பேர் சேர்ந்து தலையைத் தூக்கிப் பிடித்து கஷாயமோ வெல்லத் தண்ணியோ மூங்கில் குழாயில் ஊற்றுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த நிலையில் மாட்டால் சரியாக விழுங்க முடியாது, ஊற்றியது நுரையீரலுக்குப் போய்விடும், கால்சியத்தில் பிழைத்திருக்க வேண்டிய மாடு நிமோனியாவில் போய்விடும். அந்தக் கால்சியத்தையும் டாக்டர்தான் இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே மெதுவாக ஏற்ற வேண்டும், வேகமாக ஏறினால் இதயமே நின்றுவிடும். அவர் வரும்வரை உங்கள் வேலை, மாடு பக்கவாட்டில் சாய்ந்து கிடக்காமல் பார்த்துக்கொள்வது. வைக்கோல் அடைத்த சாக்கு மூட்டைகளை இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து நெஞ்சின் மேல் நிமிர்ந்து உட்கார வையுங்கள், சிமெண்ட் தரையாக இருந்தால் அடியில் வைக்கோலோ மணலோ கனமாகப் போடுங்கள். ஊசி போட்ட பிறகும் எழவில்லை என்றால் சில மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள், ஒரே தொடையில் எடை அழுத்தினால் சதை செத்துவிடும். மாற்றிய நேரத்தையும் நோட்டில் எழுதுங்கள்.

நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் முடித்து வீட்டுக்குக் கூட்டிப்போகிறவர்களுக்கும் ஒன்று: மயக்கம் முழுதாகத் தெளியும்வரை உடம்பு சூடு இறங்கும், போர்வை போடுங்கள், சரியாக விழுங்கும்வரை தண்ணீர்கூட வேண்டாம். ஈறை விரலால் அழுத்திவிட்டால் வெளுத்த இடம் 2 வினாடிக்குள் சிவக்க வேண்டும். சிவக்கவில்லை, ஈறு வெள்ளையாகவே இருக்கிறது என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

பொய்கை சந்தையில் வாங்கிவந்த மாட்டை நேராக மற்ற மாடுகளோடு கட்டாதீர்கள், இரண்டு மூன்று வாரம் தள்ளிக் கட்டி தினமும் இரண்டு வேளை காய்ச்சல் பாருங்கள். கோமாரி மாதிரி நோய் உள்ளே இருந்தால் வாயில் புண் தெரிவதற்கு முன்னாலேயே பெரும்பாலும் சூடு ஏறிவிடும். தடுப்பூசி போட்ட தேதியையும் அதே நோட்டில் எழுதி, முதல் பக்கத்தில் கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962-ஐப் பெரிதாக எழுதி வையுங்கள், வீட்டில் நீங்கள் இல்லாத நேரத்தில் பிள்ளைகள் பார்த்துக் கூப்பிடுவார்கள்.