வில்லுப்பாட்டு கேட்க ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர்

ராஜாக்கமங்கலத்துக்கு அருகே, இரவில் கடலிரைச்சல் கேட்கும் தொலைவில் இருக்கிறது எங்கள் வீடு. ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் நான் செல்பேசியில் பதிவு செய்துவைத்திருக்கும் வில்லுப்பாட்டை அப்பா மாலைதோறும் திண்ணையில் அமர்ந்து கேட்பார். "மக்கா, பாட்டு கேக்குது, சொல்லு விளங்கல்ல" என்று அவர் ஒருநாள் சொன்ன பிறகுதான், மூவாயிரம் ரூபாய்க்குள் ஒரு நல்ல ஸ்பீக்கரைத் தேடத் தொடங்கினேன்.

நல்ல ஸ்பீக்கர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு, பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் 40 வாட் பி.எம்.பி.ஓ. என்று அச்சிட்டிருந்த ஒன்றை வாங்கி ஏமாந்திருந்தேன். பி.எம்.பி.ஓ. என்பது ஒரு நொடியின் சிறு துளியில் எட்டக்கூடிய உச்சத்தைக் காட்டும் விளம்பரக் கணக்கு. கருவி தொடர்ந்து தரும் ஆற்றலைச் சொல்வது ஆர்.எம்.எஸ். அளவுதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அதன் சார்ஜ் துளைக்கு மூடியும் இல்லை. ஆடிக் காற்று அடித்து ஓய்வதற்குள் துளையின் உட்புறம் பச்சைக் களிம்பு ஏறி, வயரை ஒருபக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் மட்டுமே விளக்கு எரியும் நிலைக்கு வந்து, பின்பு அதுவும் நின்றுபோயிற்று. கடல்காற்றுக்கு வாரண்டி கிடையாது என்று கடையில் கையை விரித்துவிட்டார்கள்.

இம்முறை நாகர்கோவிலில் கடைக்காரர் போட்டுக்காட்டிய சினிமாப் பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, எங்கள் ஊர் வில்லுப்பாட்டையே ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஓடவிட்டேன். சோதனைக்கு இதைவிடப் பொருத்தமான ஒலி இல்லை என்பது என் உறுதியான எண்ணம். வில்லில் கட்டிய மணிகள் மேல்சுருதியிலும், புலவரின் குரல் நடுவிலும், குடத்தின் முழக்கம் அடியிலும் ஒரே நேரத்தில் ஒலிக்க, இடையிடையே உடுக்கை வேறு அதிரும். ஒலியை முக்கால் பங்குக்கு ஏற்றிப் பத்தடி தள்ளி நின்று கேட்டபோது, பாஸ் (அடிச்சுருதி) அதிகம் என்று புகழப்பட்ட இரண்டு கருவிகளில் குடம் வீங்கிக் குரலை விழுங்கிவிட்டது. உள்ளங்கையளவுப் பெட்டியில் அதிர்ந்து ஒலியெழுப்பும் சிறிய கூம்பு, அடிச்சுருதிக்கு வேண்டிய அளவு காற்றைத் தள்ள முடியாது; அதை மின்னணு வழியில் வலிந்து ஏற்றும்போது ஒலி உடைகிறது. மின்சாரம் இல்லாமல் உட்காற்றின் அழுத்தத்தாலேயே அசையும் பேசிவ் ரேடியேட்டர் என்ற சவ்வு இருந்தால் இந்தக் குறை ஓரளவு தீரும்.

கடைசியில் இரண்டு எஞ்சின. ஜேபிஎல் கோ 3 என்பது 4.2 வாட், ஒருமுறை சார்ஜ் செய்தால் 5 மணி நேரம், ஐபி67; போட் ஸ்டோன் 350 என்பது 10 வாட், 12 மணி நேரம், ஐபிஎக்ஸ்7. ஐபி என்பது தூசியையும் நீரையும் தாங்கும் தரம்; அதன்பின் வரும் முதல் இலக்கம் தூசியையும் இரண்டாவது நீரையும் குறிக்கும். 6 என்றால் தூசி உள்ளே புகாது. எக்ஸ் என்றால் தூசிக்கான தரம் குறிப்பிடப்படவில்லை. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும். ஆனால் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. உப்புநீரைப் பற்றி இரண்டுமே எந்த உறுதியும் தருவதில்லை என்பதைக் கடலோரத்தில் வாழும் நாம் மறந்துவிடக் கூடாது. கடற்கரை மணலில் வைத்துக் கேட்பவராக இருந்திருந்தால் தயங்காமல் முதலாவதை எடுத்திருப்பேன். எங்களுடையதோ திண்ணை. ஒரு கொடைப் பதிவே மூன்று மணி நேரம் ஓடும். ஐப்பசி மழையில் மின்சாரம் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நிறுவனங்கள் சொல்லும் நேரம் பெரும்பாலும் நடுத்தர ஒலியளவுக்கானது என்பதால், அப்பா வைக்கும் ஒலிக்கு 12 மணி நேரம் குறையும் என்று கணக்கிட்டே இரண்டாவதை வாங்கினேன்.

எஃப்.எம். வசதியைப் பொருட்படுத்தவில்லை. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையமாக 1984இல் நாகர்கோவிலில் தொடங்கிய எங்கள் குமரி பண்பலையைக் கேட்க அப்பாவிடம் பழைய டிரான்சிஸ்டர் இருக்கிறது. அதோடு, எஃப்.எம். கேட்க வேண்டுமானால் சிறிய ஸ்பீக்கர்கள் பலவற்றில் சார்ஜ் வயரைச் செருகி ஆன்டெனாவாகப் பயன்படுத்த வேண்டியிருக்கும்.

வாங்கியது முதல் ஒவ்வொரு இரவும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அதைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, சார்ஜ் துளையின் ரப்பர் மூடி சரியாக அமர்ந்திருக்கிறதா என்று அப்பாவே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொள்கிறார். முதல் நாள் மாலை ஒலியைப் பாதிக்குமேல் ஏற்றத் தேவைப்படவில்லை. பின்பாட்டில் தாளம் போடுபவரின் குரலைக் கேட்டதும், அவர் எந்த ஊர்க்காரர், யாருடைய மகன் என்று அப்பா எனக்குச் சொல்லத் தொடங்கினார்.