அடகுச் சீட்டு

நேற்று மயிலாப்பூர் அடகுக் கடையில் அம்மாவின் சங்கிலியை மீட்டேன். நான்கு வருடங்களுக்கு முன் அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்துப்போய் வைத்தவன் நான்தான். வட்டி அசலை எட்டிவிட்டது. பணம் அண்ணன் கொடுத்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைக்காரர் சீட்டில் குறுக்கே கோடு கிழித்துவிட்டு, சிறிய துணிப்பையை நீட்டினார். தேய்ந்துபோன கொக்கியில் அம்மா சுற்றிவைத்த சிவப்பு நூல் அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் கை நடுங்கியது.

நடந்தே சாந்தோம் பேராலயத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எல்லாரும் பாவம் செய்தார்கள் என்கிற உரோமையர் 3:23 சிறுவயதிலிருந்தே எனக்கு மனப்பாடம். அடுத்த வசனத்தில் நான் ஒருநாளும் நின்றதில்லை. அருளால், இலவசமாக, கிறிஸ்து இயேசுவின் மீட்பினால் என்று அங்கே எழுதுகிறார் பவுல். மீட்பு என்று நாம் படிக்கும் அந்தக் கிரேக்கச் சொல், அடிமையை விலை கொடுத்து விடுவிப்பதற்கும் வழங்கிய சொல். எனக்கு இலவசம், கொடுத்தவருக்கு அது சிலுவை. இத்தனை வருடம் ஜெபம் சொல்லியும் இது எனக்கு நேற்றுத்தான் உறைத்தது.

அம்மா இந்த நான்கு வருடங்களில் சங்கிலி எங்கே என்று ஒருமுறைகூட என்னைக் கேட்டதில்லை. இன்று மாலை போகிறேன். முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும், சங்கிலி அப்புறம்.