திருக்கடவூரில் அப்பா சொன்ன பெயர்கள்

அப்பா காலமாகி ஓராண்டு நிறைவில் செய்யும் வருஷாப்திகம் முடிந்த பத்தாம் நாள் அம்மாவை அழைத்துக்கொண்டு திருக்கடவூருக்குப் புறப்பட்டோம். ஓராண்டாகக் கோயில் வாசல் மிதிக்காதிருந்த அம்மாவிடம், முதலில் எந்தச் சந்நிதிக்குப் போகலாம் என்று அண்ணன் கேட்டபோது, அவர் தயங்காமல் சொன்ன ஊர் அதுதான். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை, செம்பனார்கோவில், ஆக்கூர் வழியாகச் செல்லும் அந்தச் சாலை எங்கள் குடும்பத்துக்குப் புதிதன்று. அன்றைய மாயவரத்துக்கும் தரங்கம்பாடிக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்த ரயிலில், தம் தாயாரின் மடியில் அமர்ந்து அப்பா முதன்முதலாக இங்கே வந்தாராம். 1980களில் அந்த ரயில் நின்றுவிட்டது. அதன் பிறகு பேருந்தில் வந்தாலும் காரில் வந்தாலும், அந்த ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் அவர் இந்தப் பாதையைக் கடந்ததே இல்லை.

பாற்கடலில் கிடைத்த அமுதத்தைப் பிள்ளையாரை வணங்காமலேயே பகிர்ந்துகொள்ள முற்பட்ட தேவர்களிடமிருந்து அவர் அமுதக் கலசத்தை ஒளித்துவைத்தார் என்பதும், அந்தக் கலசமே பின்னர் இலிங்கமாகி அமிர்தகடேசுவரர் என்று பெயர் பெற்றது என்பதும் தலபுராணம். ஒளித்துவைத்த பிள்ளையாருக்குக் கள்ளவாரணர் என்று பெயர். பதினாறு வயதே ஆயுள் என்று விதிக்கப்பட்ட மார்க்கண்டேயர் இந்த இலிங்கத்தைத் தழுவிக்கொள்ள, எமன் வீசிய பாசக்கயிறு இலிங்கத்தின் மீதும் விழ, சுவாமி வெளிப்பட்டு எமனை இடது காலால் உதைத்த தலம் இது. சிவபெருமான் வீரச்செயல் புரிந்த எட்டு ஊர்களான அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்று. அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடியிருக்கிறார்கள். இந்தக் கதையை எல்லோரும் உதைத்த இடத்தோடு முடித்துவிடுவார்கள், அப்பா முடித்ததில்லை. எமன் விழுந்தபின் பூமியில் இறப்பே இல்லாமற்போய், உயிர்களின் பாரத்தைத் தாங்கமாட்டாமல் பூமாதேவி முறையிட, சுவாமி எமனை மீண்டும் எழுப்பி அவன் வேலையை அவனிடமே கொடுத்தார் என்பதுவரை சொல்லித்தான் பேரப்பிள்ளைகளைத் தூங்கவைப்பார். குழந்தைகளிடம் எதற்கு அந்தப் பகுதி என்று அம்மா கடிந்துகொண்டதுண்டு. "அதுவும் சுவாமி செய்த அருள்தானே" என்பார் அப்பா.

அவர் அஞ்சலகத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றியவர். தம் தந்தையார் இளமையிலேயே காலமாகிவிட, இரண்டு தங்கைகளுக்கும் மணம் முடித்த பிறகே தமக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார். நாங்கள் நான்கு பேர். எங்களில் யார் எந்த ஊருக்குப் போனாலும், தொலைபேசி வீட்டுக்கு வந்த பிறகும்கூட, வாரத்துக்கு ஓர் உள்நாட்டுக் கடிதம் தவறாமல் வரும். அதில் பெரிய செய்தி எதுவும் இராது. கொல்லையில் முருங்கை பூத்திருப்பதையும், பக்கத்து வீட்டுப் பசு கன்று ஈன்றதையும் எழுதியிருப்பார். அந்தக் கடிதங்களை இன்று எடுத்துப் படிக்கும்போது, ஒரு மனிதர் தம் வாழ்நாள் முழுவதும் யாரையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தார் என்பதற்கு அவற்றைவிட வேறு சான்று வேண்டியதில்லை என்றே தோன்றுகிறது.

கோயில்களில் அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. அர்ச்சனைத் தட்டைக் கொடுத்ததும் குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்பார் அல்லவா, அப்போது அப்பா எந்தத் தாளையும் பார்க்காமல் அம்மாவில் தொடங்கி, தங்கைகள், அவர்கள் பிள்ளைகள், நாங்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று இருபத்தேழு பேரின் பெயரையும் நட்சத்திரத்தையும் ராசியையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லுவார். பின்னால் நிற்பவர்கள் பொறுமையிழந்து முணுமுணுப்பதுண்டு. குருக்கள்களே சில சமயம், "குடும்பத்தார் க்ஷேமத்துக்குன்னு சொல்லிடலாமே" என்று கேட்டதுண்டு. "பேர் சொல்லிக் கேட்டால்தான் சுவாமிக்கும் அடையாளம் தெரியும்" என்று பணிவாகச் சொல்லிவிட்டு, விட்ட பெயரிலிருந்து தொடருவார். புதிதாக ஒரு குழந்தை பிறந்தால், ஊரில் யாருக்கும் சொல்லுமுன் அதன் நட்சத்திரத்தை மனப்பாடம் செய்துகொள்வார்.

ஆயிரம் பிறை கண்டவருக்குச் செய்யும் சதாபிஷேகத்தை இந்தக் கோயிலில்தான் அவருக்குச் செய்தோம். ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் இடையே ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாட்கள் என்பதால், ஆயிரம் முழுநிலவுக்கு எண்பது ஆண்டுகளும் பத்து மாதங்களும் ஆகும் என்று பழைய உறை ஒன்றின் பின்புறத்தில் கணக்குப் போட்டு வைத்திருந்தார். அறுபதுக்கும் எழுபதுக்கும் வீட்டிலேயே எளிமையாக முடித்துக்கொண்டவர், எண்பதுக்கு மட்டும் மறுப்பேதும் சொல்லவில்லை. அபிராமி சந்நிதியில் இருந்து அந்தாதி பாடும் ஒலி வந்துகொண்டிருந்தது. தை அமாவாசையன்று அபிராமி பட்டர் இங்கே பாடிய நூறு பாடல்களில் எழுபத்தொன்பதாவதைப் பாடும்போது வானத்தில் நிலவு தோன்றியது என்பார்கள். ஆயிரம் நிலவை எண்ணி முடித்த ஒருவருக்கு விழா எடுக்க இதைவிடப் பொருத்தமான சந்நிதி எது என்று அன்று நினைத்துக்கொண்டேன். ஹோமம் முடிந்து, நாங்கள் நால்வரும் எங்கள் குடும்பத்தாரும் சல்லடையைப் பிடித்துக்கொண்டு கலச நீரை அவர்கள் இருவர் தலையிலும் ஊற்றினோம். ஈரம் சொட்டச் சொட்ட அப்பா அம்மாவுக்கு மீண்டும் திருமாங்கல்யம் கட்டினார்.

சங்கல்பத்தின்போது நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்றைய கர்த்தா அவரே என்பதால், அவருடைய நட்சத்திரத்தை அவர் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. "அனுஷம்" என்றார், மெல்லிய குரலில். என் தம்பி மகள் என் காதருகே வந்து, "தாத்தா அனுஷமா, அத்தை?" என்று வியப்போடு கேட்டாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அத்தனை ஆண்டுகளில், அத்தனை கோயில்களில், அவர் தம் நட்சத்திரத்தைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அதன் பிறகு பத்து ஆண்டுகள் இருந்தார். கடைசி இரண்டு ஆண்டுகளில் நடை தளர்ந்து, பார்வை மங்கி, நேற்றுச் சாப்பிட்டது என்ன என்பதுகூட நினைவிலிருந்து நழுவியபோதும், பெயர்களும் நட்சத்திரங்களும் மட்டும் வரிசை பிறழாமல் இருந்தன. மாலையில் விளக்கேற்றியதும் படுக்கையிலிருந்தபடியே சொல்லிக்கொண்டிருப்பார்.

இந்தமுறை கோயிலுக்குள் நுழைந்தபோது, பிராகாரமெங்கும் அறுபதும் எண்பதும் கொண்டாடும் தம்பதிகள் நிறைந்திருந்தார்கள். நாகசுரமும் ஹோமப்புகையுமாக இருந்த அந்த இடத்தில், நாங்கள் அன்று அமர்ந்திருந்த தூணருகே அம்மா சிறிது நேரம் நின்றார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன், எதுவும் பேசவில்லை. இந்த ஊரில் வாழ்ந்த குங்கிலியக் கலய நாயனாரைப் பற்றி அப்பா சொன்னதை அவராகவே நினைவுகூர்ந்தார். வீட்டில் எல்லோரும் பசித்திருக்க, மனைவி நெல் வாங்குவதற்குக் கழற்றிக் கொடுத்த தாலியைக் கொடுத்து, நாயனார் சுவாமிக்குக் குங்கிலியம் வாங்கிய வரலாறு அது. தாலியைக் கழற்றிக் கொடுத்த அந்த அம்மையாரையும் சேர்த்துத்தான் கும்பிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் அப்பா சொல்லுவாராம். எனக்கு அது தெரியாது. அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

கால சம்ஹார மூர்த்தியின் சந்நிதியில் கூட்டம் குறைவாக இருந்தது. தூக்கிய திருவடியும், கைகூப்பி நிற்கும் மார்க்கண்டேயரும் தீப ஒளியில் தெரிந்தார்கள். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, "பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திருக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது. ஆனால் அம்மாவின் பெயரைச் சொன்னதும் அடுத்தது தானாக வந்தது. அத்தைகள் வந்தார்கள், அவர்கள் பிள்ளைகள் வந்தார்கள். அப்பா நிறுத்தும் இடங்களிலேயே நானும் நிறுத்துவதை உணர்ந்தேன். சின்ன அத்தையின் பேரன் நட்சத்திரத்தில் தடுமாறியபோது, "பூராடம்" என்று அம்மா எடுத்துக்கொடுத்தார். சென்ற ஆண்டு பிறந்த குழந்தையின் பெயரைக் கடைசியில் சேர்த்தேன். இருபத்தெட்டு.

"இன்னும் யாராவது உண்டா?" என்று குருக்கள் கேட்டார்.

அப்பா சொல்லிவந்த வரிசையில் அப்பாவின் பெயர் என்றைக்கும் இருந்ததில்லை. அதனால் நான் சொன்ன வரிசையிலும் யாரும் விடுபட்டிருக்கவில்லை. "அவ்வளவுதான் சுவாமி" என்றேன். குருக்கள் உள்ளே திரும்பி, ஒவ்வொரு பெயராகச் சொல்லத் தொடங்கினார்.