பழைய லேப்டாப்புக்கு எந்த ஹார்ட் டிஸ்க் பொருந்தும்?

கடைக்குப் போய் நின்றதும் "எத்தனை ஜிபி வேணும்?" என்றுதான் கேட்பார்கள். அது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். உள்ளே இருக்கும் டிஸ்க்கின் கனெக்டர் எது, தடிமன் எவ்வளவு, இந்த இரண்டும் தெரிந்தால் போதும். கம்பெனி எதுவாக இருந்தாலும் ஓடும். சீகேட் இருந்த இடத்தில் சீகேட்தான் போட வேண்டும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பாலக்கோட்டில் பத்திரம் எழுதும் என் சித்தப்பாவின் லேப்டாப் சில மாதமாக டிக் டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. டிஸ்க் பழுதாகிறது என்பதற்கு அடையாளம் அது. அந்தச் சத்தம் கேட்டால் முதல் வேலை ஃபைல்களை வெளியே எடுப்பது, மற்றதெல்லாம் அப்புறம். எடுத்து முடித்ததும் "ஏம்ப்பா, போடறதே போடறோம், ரெண்டு டிபியா போட்டுடலாமா?" என்றார். அவரிடம் இருக்கும் மொத்தப் பத்திரமும் சில ஜிபிதான்!

பின்பக்க மூடியைத் திறந்து டிஸ்க்கை வெளியே எடுத்துப் பாருங்கள் (பேட்டரியைக் கழற்றிவிட்டு). இரண்டு வரிசையாக ஊசி ஊசியாகப் பின்கள் நீட்டிக்கொண்டிருந்தால் அது ஐடிஇ என்ற பழைய வகை கனெக்டர். ஊசியே இல்லாமல், எல் வடிவத்தில் இரண்டு தட்டையான நாக்குகள் இருந்தால் சாட்டா என்ற அடுத்து வந்த வகை. 2007, 2008-க்குப் பிறகு வாங்கிய லேப்டாப் என்றால் அநேகமாக சாட்டாதான். 2011-இல் அரசு கொடுக்க ஆரம்பித்த விலையில்லா லேப்டாப், நம்ம தர்மபுரிப் பக்கம் பல வீடுகளில் பீரோ மேல் கிடக்கிறதே, அதுவும் சாட்டாதான். சாட்டாவில் 1, 2, 3 என்று தலைமுறை உண்டு, அதற்காகப் பயப்பட வேண்டாம், புதிய டிஸ்க் பழைய மதர்போர்டில் பொதுவாக அந்தப் போர்டின் வேகத்துக்கு இறங்கி ஓடும்.

அடுத்தது தடிமன், பலர் கோட்டை விடும் இடம் இதுதான். லேப்டாப் டிஸ்க் பெரும்பாலும் 2.5 இன்ச் எனப்படும் அளவுதான், ஆனால் தடிமன் 7 மி.மீ., 9.5 மி.மீ. என்று மாறும். 9.5 இருந்த இடத்தில் 7 போடலாம், ஆடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைத்தால் சரி. 7 இருந்த இடத்தில் 9.5 நுழையாது. 2 டிபிக்கு மேல் போனால் 2.5 இன்ச் ஹார்ட் டிஸ்க் பொதுவாக 15 மி.மீ., லேப்டாப்பில் மூடியே மூடாது. பழைய பயாஸ் (லேப்டாப்பைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்), டிஸ்க்கைப் பிரித்துக் குறித்துவைக்கும் பழைய எம்பிஆர் முறை என்றால் 2 டிபிக்கு மேல் விண்டோஸ் தொடங்கும் டிஸ்க்காக முழுசாகப் பயன்படுத்தவும் முடியாது. பெரிய எக்ஸ்டர்னல் டிஸ்க்கைப் பிரித்து உள்ளே மாட்டிக்கொள்ளலாம் என்ற யோசனையும் வேண்டாம், சிலவற்றில் யுஎஸ்பி கனெக்டரே போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருக்கும், சாட்டாவே இருக்காது.

என்னைக் கேட்டால், சாட்டா லேப்டாப்புக்கு ஹார்ட் டிஸ்க்கே வேண்டாம், 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் பதியும் டிஸ்க்) போடுங்கள். பெரும்பாலும் 7 மி.மீ.தான் வரும், பழைய சாட்டா 2 போர்டிலும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கடையில் எம்.2 என்று ஒரு பட்டை மாதிரி எடுத்து நீட்டினால் வாங்க வேண்டாம், அதற்குப் பழைய லேப்டாப்பில் இடமே இருக்காது. பெங்களூர் எஸ்.பி. ரோடு நமக்குப் பக்கம்தான், ஆனால் அங்கே செகண்ட் ஹேண்ட் டிஸ்க் வாங்குவதானால் டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு, எத்தனை மணி நேரம் ஓடியது, ரீஅலோகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் மாற்றிவிடப்பட்ட பகுதிகள்) பூஜ்யமா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

சித்தப்பாவுக்கு 480 ஜிபி எஸ்எஸ்டி வாங்கினோம். விண்டோஸைப் புதிதாகப் போடவில்லை, வானவில் எழுத்துருவும் பத்திர ஃபார்மெட்டும் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்று டிஸ்க்கை முழுசாக நகலெடுக்கும் குளோன்ஜில்லா என்ற மென்பொருளில் அப்படியே நகலெடுத்தோம். அதில் புது டிஸ்க் பழையதைவிடச் சின்னதாக இருந்தால் நேரடியாக ஏறாது. அவருடைய பழைய டிஸ்க் 320 ஜிபி என்பதால் பிரச்சினை இல்லை. 500 ஜிபி டிஸ்க்கிலிருந்து 480-க்கு மாறுகிறவர்கள் முதலில் பார்ட்டிஷனை (சி, டி என்று டிஸ்க்கைப் பிரித்திருக்கும் பகுதியை) சுருக்க வேண்டும்.

அப்புறம், சில மாடல்களில் டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே விரல் நுனி அளவு கறுப்பு கனெக்டர் ஒன்று செருகியிருக்கும். அது டிஸ்க்கின் பாகம் இல்லை, லேப்டாப்பின் பாகம். பழைய டிஸ்க்கோடு சேர்த்து அதையும் காயலான் கடைக்குப் போட்டுவிட்டால் தனியாகத் தேடி அலைய வேண்டியிருக்கும்.